இரண்டரை அடி அகல மொனிற்றர் எனக்குத் தேவையா?

கேள்வி:

அண்ணா, நான் கொக்குவிலில் இருக்கிறேன். கம்பஸில் இரண்டாம் வருடம். என்னிடம் இருப்பது ரைசன் 5 5600 புரொசசர், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 16 ஜிபி ராம். மொனிற்றர் 24 இஞ்சி, 1080பி, 75 ஹேர்ட்ஸ். இரவில் நண்பர்களோடு வலோரன்ட் விளையாடுவேன். சனி, ஞாயிறில் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, எல்டன் ரிங். கனடாவில் இருக்கும் மாமி பிறந்தநாளுக்குக் காசு அனுப்புகிறா. என் சேமிப்பையும் சேர்த்தால் ஒன்றரை இலட்சம் ரூபா வரும். 34 இஞ்சி அல்ட்ராவைட், அதாவது அகலம் கூடிய மொனிற்றர், ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 3440க்கு 1440 பிக்சல், வளைந்த திரை, 165 ஹேர்ட்ஸ். ஒருமுறை அந்த அகலத்துக்குப் பழகினால் பிறகு சாதாரண மொனிற்றரைப் பார்க்கவே மனம் வராது என்று நண்பன் சொல்கிறான். அம்மா, "இருக்கிறது நல்லாத்தானே இருக்கு" என்கிறா. வாங்கலாமா?

பதில்:

தம்பி, இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காசில் 27 இஞ்சி, 2560க்கு 1440, 144 ஹேர்ட்ஸோ அதற்கு மேலோ உள்ள மொனிற்றர் ஒன்றை எடுங்கள். மிச்சக் காசு கையில் இருக்கட்டும். காரணத்தைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அல்ட்ராவைட் கூடாத சாமான் இல்லை. வேறு ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் "உடனே எடுங்கள்" என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

முதலில் அந்த 34 என்ற எண். 24ஐவிட 10 கூட என்பதால் எல்லாப் பக்கமும் பெரிதாக வரும் என்று நினைப்போம். மொனிற்றரின் இஞ்சிக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. பக்கவாட்டில் இழுத்தால் அந்த எண் கெதியாக ஏறும், உயரம் ஏறாது. 34 இஞ்சி அல்ட்ராவைட்டின் திரை ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் அகலம், 33 சென்ரிமீற்றர் உயரம். சாதாரண 27 இஞ்சியின் உயரமும் அதே 33தான், அகலம் 60. ஆகவே நீங்கள் பார்த்து வைத்திருப்பது, இரண்டு பக்கமும் அரைச் சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக நீட்டிய 27 இஞ்சி மொனிற்றர். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுகமாக விளங்கும். அந்த நீட்டிய பகுதியில் என்ன தெரியப் போகிறது, அதற்கு எவ்வளவு கொடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் முழுக் கேள்வியும்.

போன வருடம் மானிப்பாய்ப் பக்கமிருந்து ஒரு பெடியன் 34 இஞ்சி மொனிற்றர் ஒன்றை ஓட்டோவில் வைத்து என் கடைக்குக் கொண்டு வந்தான். வாங்கி மூன்று நாள்தான். "அண்ணா, இரண்டு பக்கமும் எரியுதில்லை, பனல் போயிற்று" என்றான். மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்தேன். விண்டோஸ் திரை மூலைக்கு மூலை நிறைந்து நின்றது. அவன் குழம்பிப் போய், "இல்லை அண்ணா, கேமைப் போடுங்கோ" என்றான். வலோரன்டைத் திறந்தேன். நடுவில் படம், இடமும் வலமும் கறுப்பு. மொனிற்றரில் ஒரு பிழையும் இல்லை. அந்த விளையாட்டின் சட்டமே அதுதான். பார்வைக் கோணம் எல்லோருக்கும் 103 பாகை. அகலத் திரை வைத்திருப்பவன் பக்கத்தில் வரும் ஆளை முதலில் கண்டுவிடக் கூடாது என்பதற்காக, சாதாரணத் திரையின் 16க்கு 9 என்ற வடிவத்துக்கு மேல் அது காட்டாது. 3440 பிக்சல் அகலத்தில் 2560தான் படம். இரு பக்கமும் 440 வீதம் சும்மா கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய திரையில் காற்பங்கு கறுப்பு. அந்தப் பெடியனின் முகம் வாடினது எனக்கு இப்போதும் நினைவில் நிற்கிறது. வாங்க முதல் ஒருவரும் அவனுக்கு இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அவனும் ஒரு காரணம்.

எல்டன் ரிங்கிலும் அதே கதை. அதுவும் 16க்கு 9 வடிவத்தில்தான் ஓடும், அதோடு வினாடிக்கு 60 ஃபிரேமுக்கு, அதாவது 60 படத்துக்கு, மேலும் போகாது. மொட் என்று வெளியார் செய்த மாற்றத்தைப் போட்டு அகலமாக்கலாம். ஆனால் அதற்கு விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை நிறுத்த வேண்டும், ஒன்லைனில் விளையாட முடியாது. நீங்கள் சொன்ன நாலு விளையாட்டில் இரண்டுக்கு இந்த அகலம் ஒன்றுமே தரவில்லை என்று ஆகிவிட்டது. அந்த இரண்டில் ஒன்று நீங்கள் ஒவ்வொரு இரவும் விளையாடுவது. வீட்டில் யாரும் பிஎஸ்5 வாங்கி இதில் கொழுவலாம் என்று நினைத்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் அல்ட்ராவைட் படம் தரத் தெரியாது, பக்கங்கள் கறுப்பாகவே கிடக்கும்.

சரி, மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். பருத்தித்துறையில் ஒருவருக்கு 34 இஞ்சி அல்ட்ராவைட் நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் விளையாடுவது ட்ரக் சிமுலேட்டர் மட்டும்தான். ஸ்ரேரிங், பெடல் எல்லாம் மேசையில் பூட்டி வைத்திருக்கிறார். கொழுவிக் கொடுக்கப் போன அன்று இங்கிலாந்து வீதியில் லொறியை எடுத்தார். நம்மைப் போலவே வலப்பக்க ஸ்ரேரிங், இடப்பக்க ஓட்டம். பழைய மொனிற்றரில் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்க மவுசால் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. இதில் கதிரையில் இருந்தபடி கண்ணை மட்டும் எறிந்தால் போதும். அவருடைய அப்பா முந்தி ஏ9 வீதியில் கொழும்புக்கு லொறி ஓடியவர். கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு வளைவில் மகனுக்கு, "பின் சில்லு ஏறப் போகுது, கண்ணாடியைப் பார்" என்றார். பிறகு உள்ளே வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். நான் புறப்படும்போதும் அவர் எழும்பவில்லை. இந்த மாதிரி விளையாட்டுக்கு அந்த அகலம் உண்மையிலேயே பெறுமதியானது, அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

அகலத்தை ஒழுங்காகப் பாவிக்கும் விளையாட்டுகளில் மேலும் கீழும் தெரிவது அப்படியே இருக்க, பக்கங்களில் புதிதாக உலகம் திறக்கும். சாதாரணத் திரையில் 90 பாகை தெரிகிற இடத்தில் இதில் ஏறத்தாழ 107 பாகை தெரியும். ரெட் டெட்டில் குதிரையில் போகும்போது மலையும் ஆறும் கண்ணின் ஓரம் வரைக்கும் வரும். சைபர்பங்க் 2077, ஃபோர்சா ஹொரைசன் 5 எல்லாம் இதே வகை. உங்கள் நண்பன் சொல்வது பொய்யில்லை. பழகியவருக்குத் திரும்பிப் போக மனம் வராதுதான்.

ஆனால் அந்தப் புது உலகத்தையும் உங்கள் 3060தான் கீற வேண்டும். உங்கள் இப்போதைய திரையில் 20.7 இலட்சம் பிக்சல். 2560க்கு 1440இல் 36.9 இலட்சம். 3440க்கு 1440இல் 49.5 இலட்சம். அதாவது இப்போது செய்யும் வேலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், 2.4 மடங்கு. ஃபிரேம் அதே அளவால் விழும் என்று நேர்க்கணக்குப் போட முடியாது, ஆனாலும் நன்றாகவே விழும். ரெட் டெட்டில் சில அமைப்புகளை இறக்கி, படத்தைச் சிறிதாகக் கீறிப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸும் போட்டு ஓட்ட வேண்டி வரும். 165 ஹேர்ட்ஸ் திரையை வாங்கிவிட்டு அந்த விளையாட்டில் 165ஐக் காணவே மாட்டீர்கள்.

இதற்கு என் வார்த்தையை நம்பவும் தேவையில்லை. ஐந்து சதம் செலவில்லாமல் உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். என்விடியா கொன்ட்ரோல் பனலைத் திறந்து, 3டி அமைப்புகளில் டிஎஸ்ஆர் ஃபாக்டர்ஸ் என்ற வரியைத் தேடுங்கள். அதில் 1.78, 2.25 என்ற இரண்டையும் தெரிவு செய்யுங்கள். இப்போது விளையாட்டுக்குள் போய் முழுத்திரையில் வைத்து ரெசலூஷனைப் பார்த்தால் 2560க்கு 1440உம் 2880க்கு 1620உம் புதிதாக வந்திருக்கும். கார்ட் அந்தப் பெரிய அளவில் படத்தைக் கீறி, உங்கள் 1080பி திரைக்குள் சுருக்கிக் காட்டும். 2880க்கு 1620 என்பது 46.7 இலட்சம் பிக்சல், நீங்கள் வாங்க நினைக்கும் மொனிற்றரின் வேலையில் 94 வீதம். ரெட் டெட்டில் சன் டெனி நகரத்துக்குள் குதிரையை விட்டு, வினாடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்று பாருங்கள். பிறகு 2560க்கு 1440இல் அதே தெருவில் ஒரு சுற்று. அந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் இருப்பதுதான் அகலத்துக்கு நீங்கள் ஒவ்வொரு நாளும் கொடுக்கப் போகும் விலை. உண்மையான அல்ட்ராவைட்டில் ஃபிரேம் இன்னும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் பக்கங்களில் புதிதாகத் தெரியும் மரத்தையும் வீட்டையும் சேர்த்துத்தான் அது கீற வேண்டும்.

வலோரன்டில் நிலைமை வேறு. அது பாரமில்லாத விளையாட்டு. உங்கள் 5600உம் 3060உம் அதில் 165க்கு மேல் சுகமாகத் தரும். ஆனால் உங்கள் மொனிற்றர் வினாடிக்கு 75 படத்தை மட்டும்தான் காட்டுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 13.3 மில்லிசெக்கன். 165இல் அது 6 மில்லிசெக்கன். சுவரின் ஓரத்தில் ஒருவன் எட்டிப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் கையில் தெரியும். ஒவ்வொரு இரவும் நீங்கள் இருந்து விளையாடும் அந்த நேரத்தை மாற்றப் போவது இதுதான். 165 ஹேர்ட்ஸ் அந்த அல்ட்ராவைட்டிலும் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதை 27 இஞ்சியிலும் அப்படியே பெறலாம், திரையில் ஒரு பிக்சலும் கறுப்பாகக் கிடக்காமல்.

கடையில் காசுக்கு ஏற்றபடி வேறு ஒன்றையும் காட்டுவார்கள்: 34 இஞ்சிதான், ஆனால் 2560க்கு 1080. விலை குறைவாக இருக்கும். அதை மட்டும் எடுக்காதீர்கள். அவ்வளவு பெரிய திரையில் ஓர் இஞ்சிக்கு 82 பிக்சல்தான் வரும், இப்போது உங்களிடம் உள்ளதில் 92. இரவிரவாக அசைன்மென்ட் எழுதும்போது எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். 29 இஞ்சி அல்ட்ராவைட்டும் வேண்டாம். அதன் உயரம் 28.6 சென்ரிமீற்றர், உங்கள் 24 இஞ்சியைவிடவே குறைவு. காசும் கொடுத்து உயரம் குறைந்த திரையையும் பார்க்க வேண்டும்.

பனலைப் பற்றியும் ஒரு சொல். இந்த விலையில் வரும் வளைந்த அல்ட்ராவைட்டுகளில் கனக்க விஏ என்ற வகைப் பனல். கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். ஆனால் இருட்டான இடத்தில் எதுவும் வேகமாக அசைந்தால் பின்னால் கரி பூசினதுபோல ஒரு தடம் இழுபடும். எல்டன் ரிங்கின் குகைகளுக்குள் அது எரிச்சலாக இருக்கும். 27 இஞ்சியில் ஐபிஎஸ் என்ற வகைப் பனல் சுகமாகக் கிடைக்கும், அதையே கேட்டு எடுங்கள்.

இனி மேசை. ஒரு காட்போட் பெட்டியை வெட்டி 80க்கு 36 சென்ரிமீற்றரில் ஒரு துண்டு எடுத்து, மொனிற்றர் நிற்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். திரை வளைந்தது, காலும் பெரிது, ஆகவே சுவரிலிருந்து கொஞ்சம் முன்னுக்குத்தான் நிற்கும். நம் வீடுகளில் படிப்பு மேசை பெரும்பாலும் ஒடுக்கம், அதுவும் யன்னலடியில். விசைப்பலகைக்கும் வலோரன்டுக்கு மவுசை வீசுவதற்கும் இடம் மிஞ்சுகிறதா, அந்த அட்டையின் இரண்டு ஓரத்தையும் தலையைத் திருப்பாமல் பார்க்க முடிகிறதா என்று இருந்து பாருங்கள். என்னிடம் வரும் பாதிப் பேர் இதைச் செய்த பிறகு தாங்களாகவே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

கரண்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதை விட முடியாது. உங்களிடம் யூபிஎஸ் இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். 650 விஏ (வோல்ற்-அம்பியர்) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், வாட்ஸில் பார்த்தால் அது 360, 390 அளவுதான். 3060 மட்டும் 170 வாட்ஸ் வரை எடுக்கும். புரொசசரும் மற்றதும் சேர விளையாடும்போது மெசின் 300ஐ நெருங்கும். 24 இஞ்சி மொனிற்றர் 20, 25 வாட்ஸ். 34 இஞ்சி அதைப்போல இரண்டு மடங்கு கேட்கும், வெளிச்சத்தைக் கூட்டினால் இன்னும் கூட. விளையாட்டின் நடுவில் கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்காமல் கீச்சிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடும். நான் மிச்சம் பிடிக்கச் சொன்ன காசில் முதல் வேலையாக யூபிஎஸ் பற்றரியை மாற்றுங்கள், அல்லது 1000 விஏ ஒன்றுக்குப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு மின்னல் தொடங்கினால் யூபிஎஸ்ஸை நம்பி இருக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள், ரூட்டரின் வயரையும் சேர்த்து. மின்னலடித்த அடுத்த நாள் காலையில் என் கடை வாசலில் நிற்கும் ஆட்களின் முகங்களை வருடாவருடம் பார்க்கிறேன்.

கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவில் எடுத்து இரவு பஸ்ஸில் கொண்டு வருவதாக இருந்தால், கடையிலேயே திரையை முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றிப் போடச் சொல்லி, செத்த பிக்சல் இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். பெட்டியை பஸ்ஸின் சாமான் தட்டுக்குள் படுக்க வைக்க விட வேண்டாம், நிமிர்த்தி வைக்க வேண்டும். வளைந்த பெரிய திரைக்கு இந்தப் பயணம் இன்னும் பயம். சில நூறு ரூபா கூடினாலும் யாழ்ப்பாணத்தில் கொண்டு போய்க் கொடுக்கக்கூடிய இடத்தில் வாங்குங்கள் என்பேன். பிழை வந்தால் 400 கிலோமீற்றர் திருப்பிக் கொண்டு போகத் தேவையில்லை.

உங்கள் பழைய 24 இஞ்சியை விற்க வேண்டாம். அதற்கு இப்போது கிடைக்கும் காசு பெரிதில்லை. புது 27ஐ நேர் முன்னால் வைத்து, பழையதைப் பக்கத்தில் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பி வையுங்கள். விளையாட்டு ஒன்றில், நண்பர்களோடு பேசும் டிஸ்கோர்ட் மற்றதில். பகலில் விரிவுரைக் குறிப்பு ஒன்றில், எழுதும் வேலை மற்றதில். அல்ட்ராவைட் வாங்குபவர்கள் வேலைக்கு என்று சொல்லும் வசதியில் பெரும்பங்கு இதிலேயே வந்துவிடும், விளையாட்டுக்காகக் கார்ட் ஒரு திரைக்கு மட்டும் உழைத்தால் போதும். பழைய மொனிற்றரைத் தூக்கி எறியவில்லை என்பதில் அம்மாவுக்கும் ஆறுதல்.

இந்தப் பதில் உங்கள் கடிதத்துக்கு மட்டும்தான். ஒரு கிழமைக்கு, எந்த விளையாட்டில் எத்தனை மணித்தியாலம் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வாருங்கள். நண்பர்கள் வலோரன்டை விட்டுக் கலைந்து, அந்தக் கணக்கில் முக்கால்வாசி லொறியும் குதிரையுமாக நிற்கும் காலம் வந்தால், அதோடு கார்டும் மாற்றியிருந்தால், எனக்கு இன்னொருமுறை எழுதுங்கள். அன்றைக்கு "எடுங்கள்" என்று நானே சொல்வேன்.

கடைசியாக ஒன்று. புது மொனிற்றரை டிஸ்பிளே போர்ட் வயரில் கொழுவுங்கள், பழையதை எச்டிஎம்ஐயில். கொழுவிய பிறகு விண்டோஸின் டிஸ்பிளே அமைப்புக்குள் போய் ஹேர்ட்ஸ் எண்ணை நீங்களே அந்த மொனிற்றரின் உச்ச எண்ணுக்கு, 144ஓ 165ஓ, மாற்ற வேண்டும். தானாக 60இலேயே நிற்கும் மெசின்கள் கனக்க. புது மொனிற்றரை வாங்கி மாதக்கணக்காக 60இலேயே விளையாடிய இரண்டு பேரை நான் கண்டிருக்கிறேன்.